நெரிடா லாக்கியரின் காற்று வண்டி

ஆல்ஃபா என்ற ஊரில் ஒரு நாய் செத்த கதையை நெரிடா லாக்கியருக்குச் சொன்னது பக்கத்துப் பண்ணை ட்ரூடி. ட்ரூடிக்குச் சொன்னது அவளுடைய கொழுந்தன். கொழுந்தனுக்கு யார் சொன்னார்கள் என்பது யாருக்கும் தெரியாது. ஆல்ஃபா ஹோட்டல் வாசலில் யாரோ ஒருவர் ஒரு மாலை நெரிடா வீட்டு வண்டியைப் போலவே ஒன்றை நிறுத்திவிட்டு உள்ளே போனாராம். ஸ்டியரிங்குக்கு முன்னால் முகப்பில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்ததைப் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டுவிட்டாராம். விடிந்து வந்து பார்த்தால் வண்டி கால் மடக்கிய ஒட்டகம் போல வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்திருந்ததாம். என்ஜின் சூட்டுக்காக அடியில் போய்ச் சுருண்ட நாய் அங்கேயே கிடந்ததாம்.

கதை கிளெர்மாண்ட் கடைத்தெருவுக்கு வருவதற்குள் நாய் இரண்டாகிவிட்டது. ஸ்பிரிங்ஷரில் கேட்டவர்கள் அது ஒரு கன்றுக்குட்டி என்றார்கள்.

நெரிடா கேட்டுச் சிரித்தாள். ட்ரூடி போன பிறகு ஒரு துடைப்பக் கட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். குனிய முடியாததால் நின்றவாக்கிலேயே அதை வண்டியின் அடியில் விட்டுத் துழாவினாள். அவர்கள் வீட்டு நாய் சமையலறைப் படியில் உட்கார்ந்து அவள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வண்டி இங்கிலாந்தில் செய்தது. பிரிஸ்பேனில் ஒரு மருத்துவரிடமிருந்து அவள் கணவன் மெர்வ் வாங்கி வந்தபோதே பழசு. எங்கள் பக்கம் மாடு வளர்க்கிறவர்கள் யாரும் இப்படி ஒன்றை வாங்க மாட்டார்கள். ஜப்பான்காரனுடைய டீசல் வண்டி, அதுவும் வெள்ளை, அதன் மேல் நிறையப் புழுதி என்பதுதான் வழக்கம். மெர்வ் கருநீல நிறத்தில், தோல் இருக்கைகளோடு ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து நின்றதும் ஊருக்கு வேறு பேச்சே இல்லாமல் போயிற்று.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரனான பெவன் வேலி மேல் கையை ஊன்றிக்கொண்டு வண்டியை மேலும் கீழும் பார்த்தான்.

“என்ன மெர்வு, ராணியம்மா டீ குடிக்க வராங்களா?”

“வராங்க. உன்னைய மட்டும் கூப்பிட வேணாம்னு சொல்லி அனுப்பிச்சிருக்காங்க.”

“பின் சீட்டுல குடை வச்சிருக்கியா?”

“உன் வாயில சொருகறதுக்கு ஒண்ணு இருக்கு. போ, போய் உன் மாட்டைப் பாரு.”

மெர்வ் வாங்கியது பெருமைக்கு இல்லை என்பது பெவனுக்கும் தெரியும். இருந்தாலும் கேலி செய்யாமல் விட்டால் அது மரியாதைக் குறைவு என்று நினைக்கிற ஊர் இது.

நெரிடா ஒரு காலத்தில் குதிரைக்காரி. மந்தையிலிருந்து ஒரு மாட்டைப் பிரித்து, கம்பங்களைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போகிற போட்டிகளில் சுற்றுவட்டாரத்தில் அவளுக்கு இணையாக இரண்டு மூன்று பேர்தான் இருந்தார்கள். அப்படி ஒரு போட்டியில் குதிரை சறுக்கி விழுந்து, அவள் மேலேயே உருண்டு எழுந்தது. முதுகில் இரும்புத் தண்டு வைத்துத் தைத்து அனுப்பினார்கள். நடக்கலாம், நிற்கலாம், அடுப்பு முன்னால் முக்காலியில் உட்காரலாம். ஆனால் குலுங்கக் கூடாது. குலுங்கினால் இடுப்பிலிருந்து கால் நுனி வரை நெருப்பு இறங்கும். எங்கள் பக்கத்து மண்சாலையோ மழை முடிந்து இரண்டு வாரத்தில் துணி துவைக்கும் பலகை மாதிரி வரி வரியாகிவிடும்.

“முதுகு போயிருச்சு, நாக்கு மிச்சமிருக்கு,” என்று அவளே சொல்லிக்கொண்டாள். அந்த நாக்கை வைத்துத்தான் இரண்டாவது வாழ்க்கையைத் தொடங்கினாள். பெண்கள் சங்கத்தில் படித்து, தேர்வு எழுதி, விவசாயக் கண்காட்சிகளில் சமையல் போட்டிக்கு நடுவரானாள். கிளெர்மாண்ட், கபெல்லா, ஸ்பிரிங்ஷர், ஆல்ஃபா, எமரல்ட் என்று குளிர்காலம் முழுவதும் ஊர் ஊராகக் கண்காட்சி நடக்கும். தகரக் கொட்டகையில் நீள மேசைகள், வெள்ளைத் துணி, தட்டுத் தட்டாகக் கேக்கும் ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டியும் ஜாம் பாட்டில்களும். நெரிடா வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு கையில் கத்தியோடு உள்ளே வந்தால் கொட்டகையில் ஈ பறக்கிற சத்தம் கேட்கும்.

பழக் கேக்கை முதலில் தலைகீழாகத் திருப்பி அடிப்புறத்தைப் பார்ப்பாள். ஆறவைத்த கம்பித் தட்டின் தடம் பதிந்திருந்தால் அந்தக் கேக்குக்கு அன்றோடு கதை முடிந்தது. பிறகு நடுவில் வெட்டி, மூக்கருகே கொண்டுபோய், உலர்திராட்சைகள் ஒரே அளவில் நறுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பாள். பக்கத்தில் வைக்கும் அட்டையில் ‘நன்று’ என்று எழுதியதாகச் சரித்திரமே இல்லை. ‘அவசரப்பட்டு அடுப்பைத் திறந்திருக்கிறீர்கள்.’ ‘போன வருஷத்து ஜாதிக்காய்.’ இப்படித்தான் எழுதுவாள். இதை வாங்கிக்கொண்டு போய்க் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்து, அடுத்த வருஷம் பழிதீர்க்கிற வேகத்தோடு வருகிற பெண்கள் இந்த வட்டாரத்தில் உண்டு. அவள் வருவாள் என்பதற்காகவே கலந்துகொண்டார்கள். அவளும் அதற்காகவே வருஷத்தின் மற்ற மாதங்களைக் கழித்தாள்.

ஒரு முறை பண்ணையின் பிக்கப் வண்டியில் ஏறிக் கபெல்லாவுக்குப் போனாள். போய்ச் சேர்ந்ததும் கொட்டகையின் சிமென்ட் தரையில் மல்லாந்து படுத்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை. வீட்டுக்கும் போகமாட்டேன் என்றாள். உதவிக்கு இருந்த பெண்கள் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிக் காட்ட, படுத்தவாறே ஸ்பாஞ்சு கேக்குகளுக்குப் பரிசு சொல்லி முடித்தாள். மூன்றாம் பரிசு வாங்கியவள் இன்றைக்கும் சொல்வாள், கீழேயிருந்து பார்த்ததால்தான் தன் கேக்கின் மேல்பக்கம் நெரிடாவுக்குத் தெரியவில்லை என்று. இனி அந்த மாதிரி வண்டியில் ஏறினால் நடையும் போய்விடும் என்றார் டாக்டர். அதற்குப் பிறகுதான் மெர்வ் பிரிஸ்பேனுக்குப் பஸ் ஏறினான்.

இந்த வண்டியில் இரும்புச் சுருள் கிடையாது. நான்கு சக்கரத்துக்கும் மேலே தடித்த ரப்பர் பைகள். ஒரு சின்னக் கம்ப்ரஸர் அவற்றில் காற்றை அடைத்து வண்டியைத் தூக்கிப் பிடிக்கும். ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் ஒரு சென்ஸார் இருந்து எந்தப் பக்கம் எவ்வளவு உயரம் என்று பார்த்துச் சொல்லும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் சாலையின் வரி வரியான மேடெல்லாம் வெளியே யாருக்கோ நடக்கிற சங்கதி. ஏதாவது ஒன்று பிசகினால் முகப்பில் மஞ்சள் விளக்கு எரியும். வண்டி காற்றை விட்டுவிட்டு ரப்பர் கட்டைகளின் மேல் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் ஒவ்வொரு கல்லும் நெரிடாவின் முதுகெலும்பில் வந்து பேர் சொல்லும்.

முதல் இரண்டு குளிர்காலம் விளக்கு எரியவில்லை. மூன்றாவது வருஷம் தொடங்கியது. போகும்போது மேகத்தில் போவது போலப் போவார்கள். திரும்பும்போது ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மஞ்சள் விளக்கு கண்ணைத் திறக்கும். நெரிடா கதவின் மேல் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். மெர்வ் நடைவேகத்தில் ஓட்டுவான். வீடு சேர்ந்ததும் அவள் இரண்டு நாள் கட்டில்தான். அதற்குள் விளக்கு தானாக அணைந்துவிடும்.

கிளெர்மாண்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் டூலி கையடக்கமான ஒரு கருவியைச் செருகிப் பார்த்தான்.

“பின் பக்கம், இடது சென்ஸார் ஏதோ உளறியிருக்கு, மிசஸ் லாக்கியர். ஆனா இப்ப சரியாத்தான் பேசுது. எனக்கு என்னமோ கம்ப்ரஸர் மேலதான் சந்தேகம். வயசாயிருச்சுல்ல.”

“எனக்குந்தான் வயசாயிருச்சு. எங்கிட்ட விளக்கு எரியலையே,” என்றாள் நெரிடா.

“உங்ககிட்ட விளக்கு எரிஞ்சா ஊரே எரிஞ்சிருமே. என் பொண்டாட்டி ஸ்கோனுக்கு நீங்க எழுதினத நான் இன்னும் தினம் கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

கம்ப்ரஸரை மாற்றினான். விளக்கு எரிந்தது. சென்ஸாரை மாற்றினான். விளக்கு அணைந்தது, பல மாதம் எட்டிப் பார்க்கவில்லை. டூலிக்குப் பீர் வாங்கிக் கொடுத்தான் மெர்வ். மழைக்காலம் முடிந்து கண்காட்சிகள் தொடங்கியதும் விளக்கும் தொடங்கியது.

ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். திரும்பும்போது மாதச் சாமானெல்லாம் ஏற்றி வண்டி கனக்கிறது, அதனால்தான் என்றான் டூலி. மதிய வெயிலில் கம்ப்ரஸர் சூடாகிறது என்பது அவனுடைய இரண்டாவது காரணம். சாலையில் மாடு தாண்டாமலிருக்கப் பதித்திருக்கும் கம்பிப் பாலங்கள்தான் சென்ஸாரை உலுக்குகின்றன என்று மெர்வ் முடிவுகட்டி, ஒவ்வொன்றையும் தூங்குகிற குழந்தை மேல் நடப்பவன் போல ஏறி இறங்கினான். பின்னால் வந்த மாட்டு லாரிக்காரர்கள் லாரி வயர்லெஸ்ஸில் அவனுடைய பரம்பரையை விசாரித்தார்கள்.

“அதைப் பிடுங்கிப் போட்டுட்டு இரும்புச் சுருளை மாட்டு,” என்றான் பெவன். “விளக்கே இருக்காது. இந்த மாதிரி வண்டி வச்சிருக்கவன்ல பாதிப் பேரு அதைத்தான் பண்ணியிருக்கான்.”

“அதுக்கு நான் பிக்கப்பையே ஓட்டியிருப்பேனே.”

“சீட்ல ஒரு மெத்தை போடு.”

“உன் மண்டையில போடறேன்.”

யாருக்கும் தோன்றாத ஒன்று இருந்தது. அது எல்லாருடைய கண்ணெதிரிலும் நடந்தது.

பார்த்தீனியம் இங்கே வந்து வெகுகாலமாகிறது. ஒரு செடி நுழைந்தால் இரண்டு மழையில் மேய்ச்சல் நிலம் போய்விடும். மாட்டுக்கு ஆகாது, மனிதனுக்கும் ஆகாது. ஆற்றில் வெள்ளம் வந்து போன ஒரு வருஷம் அவர்களுடைய கர்லூ பண்ணையின் கீழ்க்காட்டில் அது முளைத்தது. பூத்த வாரத்தில் நெரிடாவின் முகம் வீங்கி, மூச்சு விசில் அடித்து, ஆம்புலன்ஸில் எமரல்டுக்குப் போனாள். மெர்வ் அந்தக் காட்டைச் செடி செடியாகப் பிடுங்கி எரித்தான். அன்றிலிருந்து ஒரு விதைகூட வேலிக்குள் வரக்கூடாது என்பது அவனுக்கு மதம் மாதிரி ஆகிவிட்டது.

ஊரை விட்டுக் கிளம்பும் இடத்தில் வண்டி கழுவும் மேடை ஒன்று உண்டு. விதை ஒட்டிக்கொண்டு வராமலிருக்கப் பண்ணைக்காரர்கள் அங்கே வண்டியின் அடியைக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். தண்ணீர் துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும். பெரும்பாலானவர்கள் நாலு பக்கமும் ஒரு முறை காட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். மெர்வ் அப்படி இல்லை. பல் டாக்டர் மாதிரி ஒவ்வொரு இடுக்காக முனையை விட்டு அடிப்பான். சக்கரத்துக்கு மேலே, பைகளைச் சுற்றி, கம்பிகள் ஓடுகிற சந்துகளில், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பான். வரிசையில் நிற்கிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். காதில் போட்டுக்கொள்ள மாட்டான். நெரிடா உள்ளே உட்கார்ந்து, தரைக்கடியில் தண்ணீர் அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். தனக்காகத்தான் அந்தச் சத்தம் என்பது அவளுக்குத் தெரியும்.

பல மாதம் விளக்கு எரியாமலிருந்தது டூலியின் புது சென்ஸாரால் என்று எல்லாரும் நம்பினார்கள். அந்த மாதங்களில் களையே காய்ந்து கிடந்தது; தண்ணீர்ப் பஞ்சம் என்று கழுவும் மேடையைப் பூட்டி வைத்திருந்தது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஸ்பிரிங்ஷர் கண்காட்சியின்போது மெர்வுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டு கையைத் தூக்க முடியவில்லை. ட்ரூடி ஓட்டினாள். திரும்பும்போது மேடையில் மாட்டு லாரிகள் வரிசை கட்டி நின்றன.

“நிக்கணுமா?” என்றாள் ட்ரூடி. “எனக்கு ஒண்ணுக்கு முட்டுது.”

“போ. நான் சொல்லிக்கிறேன்.”

பின்னால் மாதச் சாமான் மட்டுமில்லாமல் ட்ரூடியின் நாய்த் தீனி மூட்டைகளும் இருந்தன. நல்ல வெயில். ட்ரூடி கம்பிப் பாலங்களில் வேகத்தைக் குறைக்கிற ஜாதியில்லை. நெரிடா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு விளக்குக்காகக் காத்திருந்தாள். விளக்கு வரவில்லை. பண்ணை வாசல் வரை வரவில்லை.

வாசலில் மெர்வ் நின்றிருந்தான். வண்டி கழுவப்படவில்லை என்றதும் அவன் முகம் போன போக்கைப் பார்த்து ட்ரூடி இறங்கிப் புதருக்குப் பின்னால் போய்விட்டாள். அவன் வண்டியை உள்ளே விடவில்லை. ஒரு பிரஷ்ஷையும் வாளியையும் எடுத்துக்கொண்டு, தூக்க முடியாத அந்தத் தோளோடு அடியில் புகுந்து, மண்ணைச் சுரண்டிச் சுரண்டிக் கோணிப் பையில் போட்டான். பொழுது சாய்கிற வரை ஆயிற்று. பிறகு ஒரு வாரம் சட்டை போட நெரிடாவின் கை தேவைப்பட்டது.

அடுத்தது எமரல்ட் பயணம். நடுவர்களின் கூட்டம், காலையிலேயே முடிந்துவிட்டது. சாமான் ஏதும் வாங்கவில்லை. குளிர் இன்னும் விடவில்லை. போன முறை விட்டுப்போனதற்கும் சேர்த்து மெர்வ் மேடையில் இரண்டு பங்கு கழுவினான். தார்ச்சாலை முடிவதற்குள் மஞ்சள் விளக்கு எரிந்தது.

நெரிடா அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். கனமில்லை. வெயிலில்லை. கம்பிப் பாலம் இன்னும் ஒன்றுகூட வரவில்லை. தண்ணீர் மட்டும்தான். சென்ஸாரைத்தான் டூலி புதிதாகப் போட்டான்; அதில் செருகுகிற மின்கம்பியின் பிளக் பழையது. ஒரு கேக்கு ஏன் நடுவில் குழிந்தது என்று தெரிந்துகொள்வதைவிட இது லேசாக இருந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது, இத்தனை நாள் பிடித்ததே என்று.

“திரும்பவும் வந்திருச்சு பாரு சனியன்,” என்றான் மெர்வ். “அந்தக் கம்பிப் பாலம்தான்.”

“இன்னும் வரலையே.”

“போறப்ப ஏறினதோட பாதிப்பு இப்ப தெரியுது.”

தண்ணீர்தான் காரணம் என்று சொன்னால் என்ன ஆகும் என்று அவள் வீடு வரை நினைத்துப் பார்த்தாள். கழுவுவதை அவன் விடமாட்டான். விட்டால் களை வரும், அவள் மூச்சு போகும். குழாயை விட்டுவிட்டுப் பிரஷ்ஷைக் கையில் எடுப்பான். அறுபத்தைந்து வயதில், ஒவ்வொரு பயணத்துக்கும், அந்தத் தோளோடு சரளைக்கல்லில் படுப்பான். தான் போய்ப் பழக் கேக்கு தின்பதற்காக அவன் மண்ணில் கிடப்பதா? வாயை மூடிக்கொண்டாள். அந்தக் குளிர்காலம் முழுவதும் மூடியே வைத்திருந்தாள்.

அடுத்த வருஷக் கண்காட்சிகள் நெருங்கியபோது மெர்வ் தளர்ந்துவிட்டான். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“இரும்புச் சுருள் போட்டுடலாமா நெரிடா? மெத்தை வச்சு ஏதாச்சும் பண்ணிக்கலாம்.”

“போடு.”

“உனக்கு...”

“போடுன்னா போடு. அந்த விளக்கைப் பார்த்துப் பார்த்து உனக்கு ரத்தக் கொதிப்பு வந்ததுதான் மிச்சம்.”

புதன்கிழமை மெர்வ் வண்டியை டூலியிடம் விட்டுவிட்டு பெவனுடைய வண்டியில் திரும்பினான். டூலி ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தான். “பழைய ரப்பர். கழட்டும்போதே கிழிஞ்சிரும். இந்த மாடலுக்குப் புதுசும் இப்ப வர்றதில்ல. அப்புறமா மனசு மாறிச்சுன்னு எங்கிட்ட வரக்கூடாது. நாளைக்கிக் காலையில கை வைக்கிறேன்.”

மறுநாள் பத்து மணி டீக்கு மெர்வ் கொட்டகையிலிருந்து வந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கிளெர்மாண்ட் கண்காட்சியில் சமையல் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் ஜோஸ்லின். அவள் பேசினால் அறை முழுவதும் கேட்கும்.

“நெரிடா, பழக் கேக்குக்கு உன்னையத்தான் போட்டிருக்கோம். இந்த வருஷம் ரெண்டு மேசை நிறைய வருது. வர்றேல்ல?”

“யோசிச்சுச் சொல்றேன்.”

“யோசிக்கிறியா? நீயா? உடம்பு சரியில்லையா?”

“வேற ஆளு யாரும் இருக்காங்களா?”

“கபெல்லாக்காரி இருக்கா. எல்லா அட்டையிலயும் ‘அருமை’ன்னு எழுதுவா. எங்களுக்கு அவ வேணாம்டி. நீ வந்து திட்டு.”

நெரிடா சிரித்தாள், சொல்கிறேன் என்று வைத்தாள். திரும்பினால் மெர்வ் ஒற்றைக் காலணியோடு வாசலில் நின்றிருந்தான்.

“ஏன் வர்றேன்னு சொல்லல?”

“எப்படிப் போறது? சுருள்ல ஏறியா?”

“மெத்தை வைக்கலாம்னு சொன்னேனே.”

“மெத்தைக்கு அடியில வண்டி குதிச்சா மெத்தையும் சேர்ந்து குதிக்கும் மெர்வு. நான் அப்பளமாயிருவேன்.”

“அப்ப எதுக்குப் போடு, போடுன்னு சொன்ன?”

அவள் கெண்டியை அடுப்பிலிருந்து இறக்கினாள். கோப்பைகளை எடுத்து வைத்தாள். ஒன்றில் ஊற்றினாள். இரண்டாவதில் ஊற்றும்போது கை நின்றது.

“நீ கழுவறதாலதான் அது எரியுது,” என்றாள்.

“என்னது?”

“விளக்கு. மேடையில நீ தண்ணி அடிக்கிற பாரு, அது பின் சக்கரத்துப் பிளக்குக்குள்ள போகுது. ரெண்டு நாள்ல காஞ்சிருது, அணைஞ்சிருது. ட்ரூடியோட வந்தப்ப கழுவல. எரியல. எமரல்ட்லேந்து வந்தப்ப ரெண்டு பங்கு கழுவின. தார் ரோடு முடியல, எரிஞ்சிருச்சு. மேடையைப் பூட்டி வச்சிருந்த மாசமெல்லாம் எரியவே இல்ல.”

மெர்வ் உட்கார்ந்தான். அவன் உதடு அசைவதைப் பார்த்தால் ஒவ்வொரு பயணமாகத் திரும்பி ஓட்டிப் பார்க்கிறான் என்று தெரிந்தது.

“எப்பலேந்து தெரியும்?”

“எமரல்ட்லேந்து.”

“போன வருஷத்து எமரல்ட்டா?”

“ஆமா.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா என்ன பண்ணுவ? குழாயை வச்சிட்டுப் பிரஷ்ஷை எடுத்துக்கிட்டு அடியில படுப்ப. அன்னைக்கிப் படுத்துட்டு ஒரு வாரம் சட்டை போட முடியல உன்னால. நான் கேக்கு தின்னப் போறதுக்காக நீ தரையில கிடக்க வேணாம்னு பார்த்தேன்.”

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் எழுந்து போய்ச் சமையலறை இழுப்பறையைத் திறந்து எதையோ துழாவினான். ரொட்டி வாங்கி வருகிற பிளாஸ்டிக் பைகளை அவள் மடித்து வைத்திருக்கும் இழுப்பறை அது. ஒன்றை உருவி அவள் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினான்.

“இது என்ன?”

“ரொட்டிப் பை.”

“இதை அந்தப் பிளக்கு மேல மாட்டி ரெண்டு சுத்து டேப்பு சுத்தினா தண்ணி போகுமா?”

அவள் பையை வாங்கி விரித்துப் பார்த்தாள்.

“உள்ள கொஞ்சம் கிரீஸ வேற அப்பிட்டு, கழுவி முடிச்சதும் பையை உருவிட்டு வந்துக்கிட்டே இருக்கலாம். ஒரு பை, நெரிடா. இதுக்கா ஒரு வருஷம் வாயத் தச்சு வச்சிருந்த? இதுக்கா நீ கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டுச் செத்துச் செத்துப் பொழைச்ச?”

“எனக்கு எப்படித் தெரியும்? நீ கம்பிப் பாலம், கம்பிப் பாலம்னு...”

“கம்பிப் பாலத்தை விடு!”

இருவருக்கும் ஒரே சமயத்தில் அது உறைத்தது.

“டூலி,” என்றாள் நெரிடா.

மெர்வ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். “காலையில கை வைக்கிறேன்னான். எட்டு மணிக்குத் திறந்துருவான்.”

“எந்தப் பக்கத்துலேந்து ஆரம்பிப்பான்?”

“நான் என்ன கண்டேன். பின்னாடிலேந்துதான் ஆரம்பிப்பான். பின்னாடிதான கழட்டச் சுலபம்.” அவன் அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவனுக்கே தெரிந்தது. “ஆனா அவன் காலையில ரெண்டு டீ குடிக்காம ஸ்பானரைத் தொட மாட்டான். போன் போடு.”

டூலியின் கைபேசி அவனுடைய தகரப் பட்டறைக்குள் எடுக்காது என்று ஊருக்கே தெரியும். நெரிடா ஒர்க்‌ஷாப் எண்ணைப் போட்டாள். மணி போயிற்று.

“எடுக்கிறானா?”

“மணி அடிக்குது.”

“இந்நேரம் இரும்பு அறுக்கிற கிரைண்டர் ஓடுதோ என்னவோ. ஓடினா ஒண்ணும் காதுல விழாது.” மெர்வ் கழற்றிய காலணியைத் திரும்ப மாட்டினான். “நான் பிக்கப்ப எடுத்துக்கிட்டுக் கிளம்பறேன். நீ அடிச்சிக்கிட்டே இரு. எடுத்தான்னா, எதையும் தொடாம கையை எடுக்கச் சொல்லு.”

“போறதுக்குள்ள...”

“தெரியும். நீ அடி.”

கம்பிக்கதவு அடித்துக்கொண்டது. பிக்கப் உறுமி, வாசலைத் தாண்டி, முதல் கம்பிப் பாலத்தின் மேல் வேகத்தைக் குறைக்காமல் தடதடவென்று ஏறி இறங்கிற்று. நெரிடா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அழைப்பு தானாகத் துண்டித்துக்கொண்டது. அவள் மறுபடி அதே எண்ணை அழுத்தினாள். ஊற்றிய டீயில் ஆடை படிந்தது. கிளெர்மாண்டில், எண்ணெய்க் கறை படிந்த ஏதோ ஒரு மேசையின் மேல், மணி அடித்துக்கொண்டே இருந்தது.